ஒன்பதாவது துண்டு

ஐந்தாவது ஆண்டாகவும் கேடயம் முரளிக்கே போயிற்று. அரங்கில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். அர்த்தனாரியும் தட்டினார். சத்தம் வராமல் கைதட்டுவது எப்படி என்பதை இந்த ஐந்து ஆண்டுகளில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார். விரல்நுனிகள் மட்டும்தான் பட வேண்டும். முகம் மட்டும் பலமாகத் தட்ட வேண்டும்.

கேடயம் பித்தளையில் வார்த்த ஒரு மூடிய புத்தகம். அதன் நடுவில் ஒரு பூட்டு. பூட்டும் பித்தளை. சாவி கிடையாது.

அதைக் கொடுப்பது மலைப்பள்ளி நூல் நல வாரியம். மலையிலுள்ள பிள்ளைகளிடம் வாசிப்பை வளர்க்கத்தான் அது தொடங்கப்பட்டது என்று அதன் பெயர்ப்பலகையே சொல்லும். பிள்ளைகள் படிக்கிறார்களா என்று அளப்பது கடினம், புத்தகம் நலமாக இருக்கிறதா என்று அளப்பது சுலபம் என்று முதல் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அன்றைக்கே நூல் நலக் குறியீடு பிறந்தது. மொத்தம் நூறு மதிப்பெண். மூலை மடிந்திருந்தால் இரண்டு கழியும். கறைக்கு ஐந்து. கிறுக்கலுக்குப் பத்து. உறை பிரிந்திருந்தால் பதினைந்து.

முரளி நூலகராக இருக்கும் பள்ளி தொண்ணூற்றொன்பதே முக்கால் வாங்கியது. ஒரு பல்லி அலமாரிக்குப் பின்னால் முட்டையிட்டதால் கால் மதிப்பெண் போனது. அர்த்தனாரி நூலகராக இருக்கும் பள்ளிக்குப் பதினொன்று. அதுவும் சுவரில் மாட்டியிருந்த ‘அமைதி காக்கவும்’ பலகைக்காக.

வாரியச் செயலர் சந்தோஷ்குமார் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நண்பர்களே, ஒரு புத்தகத்துக்கு நேரக்கூடிய மிகப் பெரிய விபத்து எது? தீயா? இல்லை. கரையானா? இல்லை. வாசகர்! நம் மலையில் ஏற்படும் நூல் சேதத்தில் தொண்ணூற்றொரு விழுக்காடு, படிப்பதால் ஏற்படுகிறது. முரளி அவர்களிடம் ஆயிரத்து எண்ணூறு நூல்கள் இருக்கின்றன. ஐந்து ஆண்டுகளாக ஒன்றுகூட விபத்தில் சிக்கவில்லை. இதுவல்லவா வாசிப்பு இயக்கம்!”

மறுபடியும் விரல்நுனிகள்.

முரளியை ‘அவர்’ என்று சொல்ல அர்த்தனாரிக்கு நாக்கு வராது. மலையின் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவார். முரளியின் நூலகம் அந்தப் பக்கம்தான் தெரியும். கண்ணாடி அலமாரிகள். ஜன்னலுக்குப் பூவேலை செய்த திரைச்சீலை. புத்தகம் ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் உறைக்குள், வாயில் பசை ஒட்டி, நாற்றங்கால் போல வரிசையாக நிற்கும். அந்தத் திரைச்சீலை எந்தக் கடையில் வாங்கியது என்று மூன்று ஆண்டுகளாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய நூலகத்தில் இருந்தது ஓர் இரும்பு அலமாரி, நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். எதுவும் முழுசாக இல்லை. அதற்குக் காரணம் அவர் மனைவி அம்சவேணி.

பள்ளியின் மேல்வகுப்புகளில் நாற்பத்தேழு பிள்ளைகள், ஒன்பது ஊர்க்காரர்கள். ஓர் ஊருக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓர் ஓடையோ ஒரு மேடோ இருக்கும். ஒரு பையன் ஒரு நாவலைக் கொண்டுபோனால் இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்புவான். அதற்குள் மற்ற நாற்பத்தாறு பேருக்கும் படிக்கும் ஆசையே விட்டுப்போகும். அர்த்தனாரி இதை வீட்டில் சொல்லிப் புலம்பியபோது அம்சவேணி மிளகு காய வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, ஒரு பலாப்பழத்தை ஒரே ஆளு தூக்கிட்டுப் போயி தின்னா மத்தவிய வாயப் பாத்துக்கிட்டு நிக்கறதா? அறுத்துக் குடுங்க.”

அவரால் அறுக்க முடியவில்லை. அவள்தான் அறுத்தாள். ‘தபால்காரர் வரவில்லை’ என்ற தடித்த துப்பறியும் நாவலை ஒன்பதாகப் பிரித்து, மிளகு மூட்டை தைக்கும் கோணி ஊசியாலும் சணல் நூலாலும் தனித்தனியாகத் தைத்தாள். ஊருக்கு ஒரு துண்டு. பிறகு மற்ற புத்தகங்களும் அதே வழியில் பிரிந்தன. புதன்கிழமைச் சந்தைக்கு எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வருவார்கள். அங்கேயே மாற்றிக்கொள்வார்கள். ஆறாவது துண்டு கையில் இருப்பவன் அந்த வாரம் ராஜா. ஐந்தை முடித்தவர்கள் அவன் பின்னாலேயே கொய்யாப்பழத்துடன் சுற்றுவார்கள். அருணா என்ற பெண் துண்டுகளைத் தலைகீழாகப் படித்துவிட்டு, “இப்பிடித்தான் சார் நல்லாருக்குது, கொலைகாரன் மொதல்லயே வந்துடறான்” என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறாள்.

நாவலைப் பிரிப்பதற்கு முன் அர்த்தனாரி ஒரு முறை முழுதாகப் படித்திருந்தார். பிறகு துண்டுகளைத் தொட்டதில்லை. அவை எந்நேரமும் ஏதாவது ஓர் ஊரில் இருந்தன. முடிவை யாருக்கும் சொல்வதில்லை என்பது அவருடைய கொள்கை. மனைவிக்கும் சொல்லவில்லை.

“கொன்னது ஆருங்க?” என்று அவள் சோறு போடும்போது கேட்பாள்.

“ஒன்பதாவது வந்ததும் படிச்சுக்க.”

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அவளை ஜீப்பில் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கினார்கள். அப்போதும் கேட்டாள். “இப்பவாச்சும் சொல்லுங்களேன்.” திரும்பி வந்து படித்துக்கொள் என்றார். வளைவுப் பலகைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தவள், முப்பத்தெட்டாவது வளைவு வரைதான் பேசினாள்.

அதற்குப் பிறகு அர்த்தனாரியிடம் இரண்டு விஷயங்கள் மிஞ்சின. அவள் தைத்த துண்டுகள் ஒன்று. முரளிமேல் இருந்த எரிச்சல் இன்னொன்று. இரண்டையும் அவர் கவனமாகப் பராமரித்தார்.

விழா முடிந்த வாரம் வாரியம் ‘வாசிப்பு வாரம்’ அறிவித்தது. எல்லா மாணவர்களும் இருபது நிமிடம் புத்தகம் ஏந்தியிருக்கும் படத்தைப் பதினொரு மணிக்குள் செயலியில் ஏற்ற வேண்டும். புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் எங்கும் இல்லை. முரளி அதைக் கவனித்தான், அர்த்தனாரி கவனிக்கவில்லை.

முரளியின் படத்தில் அறுபது பிள்ளைகள் உறை பிரிக்காத புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேமராவை நேராகப் பார்த்தார்கள். அது வாரியத்தின் நாட்காட்டிக்கே போனது. அர்த்தனாரி, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான பாறைக்கு நாற்பத்தேழு பேரையும் ஏற்றிப் படம் எடுத்தார். அதில் ஒரு துண்டின்மேல் மூன்று தலைகள் கவிழ்ந்திருந்தன. ஒருத்தன் குப்புறப் படுத்திருந்தான். ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். பதில் உடனே வந்தது: ‘படத்தில் இருப்பவை நூல்கள் அல்ல, காகிதங்கள். மாணவர்களின் கவனம் கேமராவில் இல்லை. மீண்டும் எடுக்கவும்.’

அடுத்த சுற்றறிக்கைதான் பெரியது. வரும் ஆய்வில் கடைசி இடம் பெறும் பள்ளியின் நூல்கள், பாதுகாப்பு கருதி, அந்த ஆய்வில் முதலிடம் பெறும் பள்ளிக்கு மாற்றப்படும். உறுப்பு குறைந்த நூல்களுக்குக் காகிதக் கூழ் ஆலையில் கௌரவமான ஓய்வு அளிக்கப்படும்.

அர்த்தனாரி அதை இரண்டு முறை படித்தார். அம்சவேணி தைத்த துண்டுகள் கூழாகப் போகின்றன. மிச்சம் முரளியிடம் போகிறது. எது முதலில் வலித்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வலித்தது முரளிதான்.

மறுநாள் வகுப்புகளில் அறிவித்தார். சனிக்கிழமைக்குள் எல்லாத் துண்டும் திரும்பி வர வேண்டும்.

“சார், ஏழாவதுல அந்த மனுசன் வெளக்கை எடுத்துக்கிட்டுக் கெணத்துல எறங்கறானுங்க. எட்டாவது அடுத்த புதன்கெழமைதான் என்ர தம்பி கைக்கு வருது. அதுக்கப்புறம் ரெண்டே நாளு குடுங்க சார்” என்றான் ரமேஷ்குமார்.

“இல்ல சாமி. கேடயம் வந்தப்புறம் தாரேன்.”

“கேடயத்தைப் படிக்க முடியுங்களா சார்?”

வகுப்பு சிரித்தது. அர்த்தனாரி சிரிக்கவில்லை.

துண்டுகள் வந்தன. அவர் பிளேடால் சணல் நூலை அறுத்து, அறுத்த நூலையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். மரவள்ளிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சி, துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, மூலைகளை நிமிர்த்தி, மேலே கல்லை வைத்தார். குழம்புக் கறைகளைச் சுரண்டினார். புத்தகங்கள் மறுபடியும் புத்தகங்களாயின. அலமாரியைப் பூட்டினார். பிள்ளைகள் இரண்டு நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. நூலகம் முதல் முறையாக முரளியின் நூலகம் போலவே இருந்தது.

‘தபால்காரர் வரவில்லை’ நாவலின் ஒன்பதாவது துண்டு மட்டும் வரவில்லை.

“அது சுத்துல இருக்குதுங்க சார்” என்றாள் அருணா.

“யாருகிட்ட?”

அருணா ரமேஷ்குமாரைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

அர்த்தனாரியே தேடிக் கிளம்பினார். ஊசிக்கல்பட்டியில் சின்னுசாமி என்பவரின் மகன் அடுத்த ஊருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அடுத்த ஊரில் அதற்கும் அடுத்த ஊர் என்றார்கள். எந்த வீட்டிலும் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கடைசி வீட்டில் முரளியின் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் இருந்தாள். சந்தையில் வாங்கிப் படித்தாளாம்.

“எங்க லைப்ரரி சாரு கேட்டாருங்க. குடுத்துட்டனுங்க.”

அடுத்த சனிக்கிழமை மத்தியானம். முரளியின் நூலகக் கதவு சாத்தியிருந்தது. அர்த்தனாரி, தான் மூன்று ஆண்டுகளாக விசாரித்த அந்தத் திரைச்சீலையை விலக்கி உள்ளே பார்த்தார். முரளி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு தட்டில் மரவள்ளி வறுவல். சுற்றிலும் கண்ணாடித்தாள் உறைகள் உரித்துப் போட்டபடி கிடந்தன.

“எங்க பள்ளிக்கூடத்துப் புத்தகம் உங்ககிட்ட இருக்குதாமா?” என்றார் அர்த்தனாரி ஜன்னல் வழியாகவே.

முரளி துள்ளி எழுந்தான். “வாங்ணா, உள்ள வாங்ணா. கதவச் சாத்திருங்க. ஆராச்சும் பாத்துருவாங்க.”

உள்ளே வந்தவருக்கு அவன் வறுவலை நீட்டினான். அவர் எடுக்கவில்லை.

“போன மாசம் ஒரு புள்ள பெஞ்சுக்கடியில இதோட மொதல் துண்ட வச்சுப் படிச்சுக்கிட்டிருந்துச்சுங்ணா. புடுங்கிட்டன். என்னதான் இருக்குதுன்னு ரெண்டு பக்கம் பாத்தன். அவ்வளவுதான். அப்புறம் நானே அந்தப் புள்ளகிட்டப் போயி, ரெண்டாவது எங்க கண்ணுன்னு கெஞ்சறாப்பல ஆயிருச்சு. இப்ப என்ர அலமாரியவே பிரிச்சு மேஞ்சுக்கிட்டிருக்கறன். எல்லாம் நல்ல நல்ல புத்தகமுங்ணா. அஞ்சு வருசமா நான் தொடைச்சே வச்சிருந்திருக்கறன்!”

அர்த்தனாரி தரையில் கிடந்த உறைகளை எண்ணத் தொடங்கினார்.

“ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. சந்தையில உங்களச் சுத்திப் பசங்க மொய்க்கறதப் பாத்தா எனக்கு வயிறு எரியும்ங்ணா. எங்கிட்ட ஒரு புத்தகம் குடுங்கன்னு இந்த அஞ்சு வருசத்துல ஒரு குஞ்சு கேட்டதில்ல.”

இப்படியொரு வார்த்தையைக் கேட்க அர்த்தனாரி ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார். கேட்டதும் மகிழ்ச்சி வரவில்லை. தன்னால் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்ள முடியாததை இவன் வறுவல் தின்றுகொண்டே சொல்லிவிட்டான். பொறாமையில்கூட முரளிக்குத்தான் முதலிடம்.

“துண்டக் குடுங்க, நான் போகோணும்.”

“இந்தாங்ணா. கடசிப் பக்கத்துல அக்கா எழுதுனதப் படிச்சப்பத்தான் எனக்கு ஒரு மாதிரி...”

“எந்த அக்கா?”

முரளியின் முகம் வெளுத்தது. “நீங்க பாக்கலீங்களா?”

அர்த்தனாரி கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கதை முடிந்ததற்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், நீல மையில், சாய்ந்து சாய்ந்து போகும் அம்சவேணியின் எழுத்து:

‘சாமிகளா, தைக்கறப்பவே நான் படிச்சுட்டேன். கொன்னது யாருன்னு எனக்குத் தெரியும்னு சார்கிட்ட சொல்லிராதீங்க. தினமும் கேக்கறேன், சொல்ல மாட்டேங்கறாரு. கேட்டுக்கிட்டே இருக்கறது நல்லாருக்குது.’

அதன் கீழே ‘சொல்ல மாட்டோம்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்கும் கீழே, பக்கத்தின் ஓரம் வரை நெருக்கியடித்துக்கொண்டு, பிள்ளைகளின் கையெழுத்துகள். அருணா. ரமேஷ்குமார். சின்னுசாமியின் மகன். பள்ளியை முடித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டவர்கள்கூட இருந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக, அழகான அலுவலகக் கையெழுத்தில்: முரளி.

ஒன்பது ஊருக்கும் தெரிந்திருந்தது. மலையின் அந்தப் பக்கத்துக்கும் தெரிந்திருந்தது. அவள் எழுதியதைக் கடைசியாகப் படித்தவர் அவளுடைய புருஷன். அர்த்தனாரி துண்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தார். வழியெல்லாம் அவர் அந்தக் கையெழுத்துகளின்மேல் ஒவ்வொன்றாகப் பொறாமைப்பட்டார். தன் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார். ஒரு கிறுக்கலுக்குப் பத்து. பக்கத்தில் மொத்தம் அறுபத்திரண்டு. இந்த ஒரே பக்கத்துக்கு அறுநூற்றிருபது கழியும்; பள்ளி பாதாளத்துக்குப் போகும்; மற்ற துண்டுகளெல்லாம் கூழாகும். பக்கத்தை அறுத்துவிட்டால் தீர்ந்தது. பிளேடை எடுத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு பிளேடை டப்பாவில் போட்டுவிட்டு, ஒன்பதாவது துண்டை முழுதாகத் தலையணைக்கடியில் வைத்தார். நாவலை எட்டுத் துண்டுகளோடு ஒட்டி முடித்தார். குறியீட்டுப் படிவத்தை முன்னும் பின்னும் படித்துப் பார்த்திருந்தார். புத்தகத்துக்கு முடிவு இருக்கிறதா என்று ஒரு கேள்விகூட அதில் இல்லை.

ஆய்வுக்குச் சந்தோஷ்குமாரே வந்தார். உடன் வந்த ஒருவர் புத்தகங்களை முகர்ந்து பார்த்தார். இன்னொருவர் ஈரப்பதம் அளந்தார். மூன்றாமவர் டார்ச் அடித்து விரல்ரேகை தேடினார். ‘தபால்காரர் வரவில்லை’ நாவல், எட்டாவது துண்டின் கடைசி வாக்கியத்தில், விளக்கு வெளிச்சத்தில் ஒரு முகம் தெரிவதற்குள் நின்றுபோயிருந்தது. அதற்கு நூற்றுக்கு நூறு.

விழா ஒரு புதன்கிழமை நடந்தது.

“பதினொன்றிலிருந்து தொண்ணூற்றேழு!” என்றார் செயலர். “எப்படிச் சாத்தியமாயிற்று? கடந்த ஒரு மாதமாக இந்தப் பள்ளியில் ஒரு மாணவர்கூட எதையும் படிக்கவில்லை. ஒரு நூலகர் மனம் வைத்தால் என்னதான் முடியாது! அதே நேரம், மிகுந்த வேதனையோடு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் முரளி அவர்கள் படித்துவிட்டார். தனியாக அல்ல, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு உறைகள் பிரிந்து கிடந்தன. மைனஸ் பதினான்கு. நூலகரே படிக்கத் தொடங்கினால் பிள்ளைகளுக்கு முன்மாதிரி யார்? அவருடைய நூல்களெல்லாம் இனி அர்த்தனாரி அவர்களின் பாதுகாப்பில் இருக்கும்.”

கைதட்டல் பலமாக இருந்தது. விரல்நுனியில் தட்டுபவர் யாராவது இருக்கிறாரா என்று அர்த்தனாரி தேடினார். முரளி விழாவுக்கே வரவில்லை.

திரும்பும் வழியில் பஸ் சந்தை அருகே நின்றது. மடியில் கேடயம். ஜன்னலுக்கு வெளியே, மிளகு மூட்டை ஒன்றின்மேல் முரளி உட்கார்ந்திருந்தான். சுற்றி இருபது முப்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அருணா அவன் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்தாள். “மொதல்ல நானுங்க, ஒரு வாரமாக் கேக்கறேன்!” ரமேஷ்குமார் அவளைத் தள்ளினான்.

கடைசி இடம் வாங்கியவனைச் சுற்றி அத்தனை பேர். முதலிடம் வாங்கியவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கோழிக்கூடை. கேடயத்தின் பூட்டை அர்த்தனாரி விரலால் தள்ளிப் பார்த்தார். அது திறக்காது என்று அவருக்கு முன்பே தெரியும்.

திங்கள்கிழமை ஜீப்பில் புத்தகங்கள் வந்தன. ஆயிரத்து எண்ணூறு. ‘உறை பிரிக்காமல் வைக்கவும்’ என்று ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு மையில் எழுதியிருந்தது. கடைசிப் பெட்டியின்மேல் முரளி உட்கார்ந்து வந்தான். நூலகம் இல்லாத நூலகனுக்கு அங்கே வேலை இல்லை.

“என்ன பண்ணலாமுங்ணா?” என்றான்.

அர்த்தனாரி பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். சணல் நூல் சிக்கல் சிக்கலாகக் கிடந்தது. நடுவில் அவளுடைய கோணி ஊசி.

“பிளேடு புடிக்கத் தெரியுமா?”

“தெரியுமுங்ணா.”

“கண்ணாடித்தாளக் கிழி. அப்புறம் ஒவ்வொண்ணையும் ஒம்பதாப் பிரி. நான் தைக்கறேன்.”

இரண்டு நாளில் முப்பது புத்தகங்கள் பிரிந்தன. பூட்டியிருந்த பழைய நானூற்றுப் பன்னிரண்டும் மரவள்ளிப் பசையை உதறிக்கொண்டு பிரிய ஆரம்பித்தன. கேடயம் கனமாக இருந்ததால் தைத்த துண்டுகள் காற்றில் பறக்காமல் இருக்க உதவியது. அடுத்த ஆய்வு எட்டு மாதம் கழித்துத்தான்.

புதன்கிழமைச் சந்தையில் துண்டுகள் பறந்தன. பாதிப் பேர் முரளியிடம்தான் போனார்கள். அர்த்தனாரி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், எரியத்தான் செய்தது. அருணா அவர் பக்கம் வந்து நின்றாள்.

“சார், தபால்காரர் ஒம்பதாவது எங்கீங்க? எல்லாரும் கெணத்துக்குள்ளயே நிக்கறாங்க.”

“அது எங்கிட்ட இருக்கட்டும்.”

“ரெண்டு வருசமா நாங்க ஒருத்தரும் சொல்லாம இருந்தமுங்க சார். நீங்க மட்டும் வச்சுக்கறது நாயமுங்களா?”

அவர் சட்டைக்குள்ளிருந்து துண்டை எடுத்தார். உடனே கொடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அம்சவேணியின் எழுத்துக்கும் ‘சொல்ல மாட்டோம்’ என்பதற்கும் நடுவில், ஒரு வரி மட்டும் எழுதும் அளவுக்கு இடம் இருந்தது. பையிலிருந்த பேனாவை எடுத்து, அங்கே கொலைகாரனின் பெயரை எழுதினார்.

எந்தப் பெயர் என்று இங்கே சொல்வதற்கில்லை. துண்டு சுற்றில் இருக்கிறது. கிறுக்கல் அறுபத்து மூன்று. கழிவு அறுநூற்று முப்பது.